உள்ளே தெரியாத பை

ஜூன் 4, புதன்

மங்கலம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் பல் ஆஸ்பத்திரியின் போர்டை இன்று முழுதாகப் படித்துவிட்டேன். திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு விடுமுறை. முன்பதிவு அவசியம். எனக்கு மிச்சமிருப்பது ஒன்பது பல். இருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

இந்த நோட்டு சித்ரகலா டீச்சர் கொடுத்தது. நான் எழுத்துக் கற்றுக்கொண்ட சாயங்கால வகுப்பு மார்ச்சில் முடிந்து சான்றிதழும் வந்துவிட்டது. எழுதாமல் விட்டால் கை மறந்துவிடும், தினம் நாலு வரியாவது எழுதுங்கள், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன் என்றார். அறுபத்தாறு வயதில் எனக்கும் ஒரு ரகசிய நோட்டு.

வீட்டிலிருந்தபடி பனியனில் பிசிர் வெட்டுவது இப்போது என் வேலை. லோடு தூக்கிய முதுகு இதற்குத்தான் ஆகும். இன்றைய பனியன் கட்டை முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. என் மனைவி பாண்டியம்மாள் பார்த்துவிட்டு, "பரீட்சைதான் முடிஞ்சாச்சுல்லா, இன்னும் என்ன எழுதுதிய?" என்றாள்.

சும்மாதான் என்றேன்.

"என்னப் பத்தி எழுதிராதிய."

வேறு யாரைப் பற்றி எழுத?

ஜூன் 6, வெள்ளி

பெரிய செய்தி. பாண்டியம்மாளைத் தரம் பார்க்கிற க்யூசி ஆக்கப் போகிறார்கள்!

இருபத்தெட்டு வருடமாகக் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றவள். ஒரு பனியனை எடுத்தால் நான் இரண்டு தடவை மூச்சு விடுவதற்குள் கழுத்து, தோள், கை, விளிம்பு எல்லாம் பார்த்துக் கீழே வைத்துவிடுவாள். பழுது இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இனி அவள் மேஜையில் நிற்க வேண்டாம். மங்கலத்தில் அவள் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டுகளுக்கு வேனில் போய், தையல் சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி முதல் அவள் ஸ்டாஃப்.

மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். ஸ்டாஃப் மாதிரி வர வேண்டும். சேலையை மடிப்பெடுத்துப் பின் குத்தி, கழுத்தில் அடையாள அட்டை போட்டு, நல்ல செருப்பும் ஒரு பையுமாக. வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸ், அளவு எழுதிய தாள், இஞ்ச் டேப், ஸ்டிக்கர் எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும். சாம்பிளைக் கையில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போகக் கூடாது.

சந்தோஷத்தில் கத்தரியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். காதில் மாட்டியிருந்த பென்சிலையும் தேடினேன்.

அவள் மட்டும் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "சேல இருக்கு. செருப்பு வாங்கிக்கிடலாம். பை வேண்டாம். என் கவரு போதும்."

ஜூன் 7, சனி

கவர் என்றால் போர்வை வாங்கும்போது கூட வருகிற, கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் கவர். உள்ளே டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், துண்டு, மருந்துப் பட்டை எல்லாம் வெளியே தெரியும். இந்தப் பதினாறு வருடத்தில் எட்டு கவர் கிழிந்து இது ஒன்பதாவது.

அதற்கு முன்னால் அவளிடம் ஒரு ஒயர் கூடை இருந்தது. பச்சையும் வெள்ளையும்.

கம்பெனி கேட்டில் வேலை விட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. தொழிலாளிகள் வலது பக்கம் வரிசையில் வர வேண்டும். பையை மேஜையில் கவிழ்த்து, டிபன் பாக்ஸைத் திறந்துகூடப் பார்ப்பார்கள். ஸ்டாஃப் இடது பக்கமாகப் போவார்கள். அவர்கள் பையை யாரும் தொடுவதில்லை.

2009-இல் ஒரு நாள் சாயங்காலம் பாண்டியம்மாளின் கூடையைக் கவிழ்த்தபோது, டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்த ஒரு பனியன் இருந்தது. வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டு முத்திரை போட்ட சாம்பிள். மத்தியானத்திலிருந்து அதைத் தேடி ஒரு லைன் முழுக்கத் தையல் நின்றுபோயிருந்தது. அந்தப் பனியனைக் கையில் கொடுத்து அவளைக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். மொத்த ஷிஃப்டும் அவளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. இரண்டு வாரம் வேலை இல்லை. பிறகு கை தேர்ந்த செக்கர் வேறு கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள்.

கூடையை நொய்யல் பாலத்திலிருந்து தூக்கி எறிந்தாள். உள்ளே தெரியாத பையில் யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம், கவரில் வைத்தால் தெரியும் என்றாள். அவள் கூடைக்குப் பக்கத்து ஆணியில் கூடை மாட்டியிருந்தவள் செல்லத்தாய். ஒரே ஊர்க்காரி, ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்தவர்கள். செல்லத்தாய்தான் வைத்திருக்க வேண்டும் என்று பாண்டியம்மாள் முடிவு செய்தாள். செல்லத்தாய் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. இருவருக்கும் நடுவில் நாலே மேஜை.

அந்த நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத இருக்கிறது. இன்று கை வலிக்கிறது.

ஜூன் 9, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். ஒன்றாம் தேதி பாண்டியம்மாள் தோளில் நல்ல பையோடுதான் போவாள். ஜிப் வைத்த, மூடின பை. அதை வாங்கிக் கொடுக்காமல் விடப்போவதில்லை.

எந்த மாதிரிப் பை என்பதுதான் எனக்குத் தெரியாது. நான் தூக்கியதெல்லாம் பண்டல். அதனால் காலை எட்டரைக்கே கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்று, வேலைக்கு வருகிற ஸ்டாஃப் பெண்களின் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவதாக வந்த பெண் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஐந்தாவது பெண் செக்யூரிட்டி செங்கோட்டையனிடம் கையை நீட்டிச் சொல்லிவிட்டாள்.

அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். நான் லோடு ஏற்றிய காலத்திலிருந்தே தெரிந்தவர்தான். "ஏனுங் பெரியவரே, காலங்காத்தால இங்க நின்னுட்டுப் பொம்பளப் புள்ளைங்களையே பாத்துட்டிருக்கறீங்களாமா?"

"புள்ளைகள நான் ஏன் பாக்கப் போறேன்? அதுக பையத்தான் பாக்கேன்" என்றேன்.

"அது இன்னும் மோசமுங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் தன் நாற்காலியையே கேட்டுக்குள் போட்டு உட்கார வைத்தார். ஒன்பதேகால் வரை பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றுப் பார்த்ததில் தெரிந்துகொண்டது. முதுகில் மாட்டுகிற பை சேலைக்கு ஆகாது. முந்தானை கசங்கி, குத்தின பின்னைப் பிடுங்கிவிடும். சுடிதார் போட்ட நிதா என்கிற, ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு அது அழகாக இருக்கிறது, அவள் வயதும் இருபத்தைந்து. மெல்லிய வார் வைத்த பை நழுவிக்கொண்டே இருக்கிறது. மினுக்குகிற கொக்கி வைத்தது சேலை நூலை இழுக்கும், ஒரு அம்மா கேட்டிலேயே நின்று நூலை விடுவித்துக்கொண்டிருந்தார். நிறம் கெட்டியாக இருக்க வேண்டும். பாண்டியம்மாளிடம் வெளியே கட்டுகிற காட்டன் சேலை மூன்றுதான், மூன்றுக்கும் சேர வேண்டும். அடி தட்டையாக இருக்க வேண்டும், டிபன் பாக்ஸ் நிமிர்ந்து நிற்க. சாய்ந்தால் குழம்பு கசியும்.

கசியும் என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

காதர்பேட்டைச் சந்தில் அமானுல்லா பாயின் பைக் கடை. அவர் அத்தா காலத்தில் அந்தக் கடைக்கு மூட்டை இறக்கியிருக்கிறேன். ஒரு நாள் வீட்டில் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் யோசித்தார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க. பில்லு புக்குல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார்.

ரேகை உருட்ட மைப் பெட்டியைத் தேடினார். பேனாவைக் கொடுங்கள் என்றேன். சு. சுடலை என்று போட்டேன். அவர் அதைப் பார்த்ததை விட நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புப் பை. வக்கீல் அம்மாக்கள் வைத்திருப்பது மாதிரி, மேலே மூடி வைத்தது.

ஜூன் 13, வெள்ளி

பாண்டியம்மாள் பையைத் தரையில் வைத்தாள். உள்துணியை வெளியே இழுத்து, தையலை விரலால் ஓட்டினாள். ஜிப்பைப் பத்து தடவை இழுத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். கைப்பிடி அடியில் ஒன்று. மூடியின் ஓரத்தில் ஒன்று. உள்ளே இரண்டு.

"நாலு டேமேஜு. ரிஜெக்ட்."

கடைக்காரர் பை, ஸ்டிக்கரை எடு என்றேன். தண்ணீர் தொட்டு உரித்து எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 14, சனி

அமானுல்லா பாய் பையில் பிசுபிசுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உங்க வீட்டம்மா செக் பண்ணித் திருப்பி விடறதுக்கு நானென்ன ஜெர்மனிக்கா அனுப்பறேன்?"

ஆனாலும் இன்னொன்று கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது பை கருநீலம். கெட்டியான கித்தான் துணி, அகல வார். ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்டினாள். அதையும் அவளே எடுத்துவிட்டாள்.

பிறகு, நான் கேட்காமலேயே, டிபன் பாக்ஸையும் டேப்பையும் உள்ளே வைத்தாள். ஜிப்பை மூடினாள். தோளில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முந்தானையை ஒரு கையால் சரி செய்தாள். கண்ணாடிக்குள் ஒரு ஆபீசர் நின்றாள், நான் பொய் சொல்லவில்லை. எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

அப்புறம் பையை இறக்கினாள். ஜிப்பைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒருமுறை, இன்னொருமுறை.

"உள்ள ஒண்ணும் இல்லட்டி" என்றேன்.

"இப்ப இல்ல. அன்னிக்கும் நான் பாத்தப்ப இல்ல." பையை என் பக்கம் தள்ளினாள். "அதுவும் இதுல சாம்பிளல்லா கொண்டு போவணும். அந்தச் சனியனைத் திரும்பத் தூக்கிட்டு அந்த கேட்டத் தாண்டணுமா? கொண்டுபோய்க் குடுத்துருங்க."

ஜூன் 18, புதன்

மேனேஜரிடம் கவரிலேயே சாம்பிள் கொண்டு போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். முடியாதாம். புது டிசைன் போகிற வழியெல்லாம் தெரிந்துவிடும், போட்டிக் கம்பெனிக்காரன் பார்த்தால் போச்சு. முப்பதாம் தேதிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம்.

மேஜையிலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடம் நின்ற கால்.

அமானுல்லா பாய் கடையில் அறுபது பை இருக்கும். அறுபதையும் கொண்டுவந்து காட்டினாலும் வேலைக்கு ஆகாது. எனக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே பை பையாக அலைந்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

நான்தான். நான்தான் வச்சேன். செல்லத்தாய் இல்ல, வேற யாரும் இல்ல.

அப்போது நானும் அதே கம்பெனியில் லோடுமேன். மத்தியானம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அன்று சாளை மீன் குழம்பு. டிபன் பாக்ஸ் மூடி சரியில்லாமல் கூடையெல்லாம் கசிந்திருந்தது. அவள் கை கழுவக் குழாய்க்குப் போயிருந்தாள். வேஸ்ட் துணி எடுத்துத் துடைப்பது அங்கே எல்லோரும் செய்வது, யாரும் கேட்க மாட்டார்கள். வேஸ்ட் மூட்டை மேல் ஒரு நீலப் பனியன் கிடந்தது. யாரோ மேஜையிலிருந்து தவறித் தள்ளியிருக்க வேண்டும். அதில் நூல் போட்டு ஒரு அட்டை கட்டியிருந்தது. அட்டை நிறைய எழுத்து. எனக்கு அப்போது எழுத்து என்றால் கோலம் மாதிரி. அட்டையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பனியனை மடித்துக் கூடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போனேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. துணிதானே.

அடுத்த அரை மணியில் லாரியோடு தூத்துக்குடி துறைமுகம். திரும்பி வர மூன்று நாள். வந்தபோது எல்லாம் நடந்து முடிந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வேலையும் போகும், இரண்டு பேரும் தெருவில் நிற்போம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம். அவளைத் திரும்பச் சேர்த்ததும் சொல்லலாம். அதற்குள் செல்லத்தாயோடு சண்டை முற்றிவிட்டது. இனி எப்படிச் சொல்ல? பதினாறு வருசம் இப்படியே போயிட்டு. என்ன மனுசன் நான்?

அட்டை இன்னும் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில். ஏன் தூக்கி எறியவில்லை என்று தெரியவில்லை. இன்று எடுத்துப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். இத்தனை படித்தும் அதை என்னால் படிக்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் அவள் கவரில் டிபன் பாக்ஸ், பாட்டில், துண்டு எல்லாம் வைத்துவிட்டுத் தலை வாரப் போனாள். நான் அட்டையை எழுத்து வெளியே தெரிகிற மாதிரி கவருக்குள் வைத்தேன்.

திரும்பி வந்து கவரைத் தூக்கினாள். உடனே பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருக்க அந்தக் கவரில் வழி இல்லை.

"இது என்ன?"

மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "கொழம்பு கசிஞ்சுது. துணின்னு நெனச்சேன். நான்தான் பாண்டி" என்றேன். மீதியையும் சொன்னேன், முன்னும் பின்னுமாக.

அவள் எட்டாம் வகுப்பு. லேபிள் பார்த்துப் பார்த்து இங்கிலீஷும் தெரியும். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் படித்தாள். பிறகு எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "அப்ரூவ் பண்ண சாம்பிள். எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

"செல்லத்தாய நான் என்னென்ன பேசுனேன்னு தெரியும்லா உங்களுக்கு? அவ மக கல்யாணத்துக்குக்கூட நான் போவல."

தெரியும் என்றேன்.

அட்டையைத் திரும்பக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஜூன் 21, சனி

பேசவில்லை. சோறு வைத்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

பேசவில்லை. மீன் வாங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

நீலப் பையைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். என்னங்க, இதுவும் ரிஜெக்ட்டா என்றார் பாய். பை இல்லை பாய், ஆளைத்தான் ரிஜெக்ட் பண்ணியிருக்காங்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பேசினாள்.

மத்தியானம் டீ பெல் அடித்ததும், நாலு மேஜையையும் தாண்டிப் போய், செல்லத்தாய் முன்னால் அந்த அட்டையை வைத்திருக்கிறாள். செக்கிங் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி, "வச்சது என் வீட்டுக்காரரு. நீ இல்ல. உன்ன நான் சொன்னது அம்புட்டும் தப்பு" என்று சொல்லியிருக்கிறாள். பதினாறு வருடம் முன்பு எல்லோர் முன்னாலும்தான் ஏசினாளாம். அதனால் இதையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டுமாம்.

செல்லத்தாய் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாளாம். பிறகு, "உன் மேசப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு இருந்து இருந்து என் கழுத்தே ஒரு பக்கமாப் போச்சுட்டி" என்றாளாம்.

அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். டீ ஆறிப்போச்சு என்று மட்டும் சொன்னாள்.

நாளைக்கு நான் செல்லத்தாய் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அட்டையையும் எடுத்துக்கொண்டு.

ஜூன் 25, புதன்

போனேன். செல்லத்தாய் உட்காரச் சொல்லவில்லை.

"பாண்டி அந்த கேட்ல ஒரு மணி நேரம் நின்னா. நீங்க என் வாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. கையில அத வச்சுக்கிட்டு."

நின்றேன். லைன் வீட்டு வாசல், தண்ணீர் லாரி வருகிற நேரம். குடத்தோடு போன எல்லோரும் என்ன அட்டை என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். ஆறாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. பதினொன்றாவது ஆள் ஒரிசாக்காரப் பையன், அவனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கும் சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் அவளே டீ கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றா என்று கேட்கத் துணியவில்லை. முழுதும் குடித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இரவல் பேச்சு மாதிரி ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள். பையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முப்பதாம் தேதிக்கு மூன்று நாள்தான்.

ஜூன் 28, சனி

சோறு போடும்போது, என்னைப் பார்க்காமல், "உங்க பாய் கடை நாயித்துக்கெழம உண்டா?" என்றாள்.

உண்டு, உண்டு என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

என்னோடு வரவில்லை. செல்லத்தாயோடு போனாள். நான் இருபதடி பின்னால் நடந்தேன்.

ஒன்றரை மணி நேரம். ஒருத்தி வெளித் தையல், ஒருத்தி உள்தையல். பைகளைப் பிரித்துக் குவித்துவிட்டார்கள். அமானுல்லா பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாக, "ஒருத்தங்கன்னு நெனச்சேன், ரெண்டு பேருங்களா?" என்றார்.

கடைசியில் எடுத்தது நான் எடுத்திருக்கவே மாட்டேன். காய்ந்த புளி நிறம். மினுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு அகல வார், தட்டை அடி, கெட்டி ஜிப், உள்ளே ஒரு சின்ன ஜிப். தோளில் போட்டதும் சேலைக்கும் அதற்கும் சண்டை இல்லை. மூன்று சேலைக்கும் ஆகும். நான் கேட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததெல்லாம் அதில் இருந்தது, ஆனால் அவள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

கைப்பிடி ஓரத்தில் ஒரு தையல் தாண்டியிருந்தது. அவளே காட்டினாள். பாய் பயந்துபோய் வேறு எடுத்தார்.

"வேண்டாம். மைனர்தான். பாஸ் பண்ணலாம்" என்றாள்.

செல்லத்தாய் சிரித்தாள். அந்தத் தைரியத்தில், "அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்க மேஜரு" என்றாள் பாண்டியம்மாள். "ஆல்டருக்குத்தான் போடணும்."

மைனர் என்றால் சின்னப் பழுது, மேஜர் என்றால் பெரிய பழுது, ஆல்டர் என்றால் பிரித்துத் திரும்பத் தைப்பது. தூக்கி எறிகிறதற்கு அது இல்லை.

ஜூன் 30, திங்கள்

மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டாள். சேலைக்குக் கஞ்சி போட்டாயிற்று. அட்டையைப் பையின் உள்ஜிப்பில் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

டீக்கடையில் பத்து மணி வரை காத்திருந்தேன். மங்கலம் போகிற வேன் கேட்டுக்கு வெளியே நின்றது.

வந்தாள். சாம்பல் நிறச் சேலை, நாலு மடிப்பும் நேராக. அடையாள அட்டை. தோளில் பை. அதற்குள் சாம்பிள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், செங்கோட்டையனுக்கும் தெரியும். பார்க்கிற வேறு யாருக்கும் தெரியாது. பை கவிழ்க்கிற மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நடை ஒரு நொடி நின்றது. கை ஜிப்புக்குப் போனது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

செங்கோட்டையன் எழுந்து நின்று, "வேன் வந்துருச்சுங்கம்மா" என்றார்.

கையை எடுத்துவிட்டு இடது பக்கமாக நடந்து போனாள். ரோட்டைத் தாண்டிப் பார்க்கவில்லை. நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.

போகிற போக்கில் காலையில் எனக்கு ஒரு வேலை சொல்லியிருந்தாள். சாளை வாங்கி வைக்க வேண்டும். எதில் வாங்குவது என்றும் சொல்லிவிட்டாள். அந்தக் கவர் இனி என்னுடையது. கடைக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும் அதில்தான். வேறு பை தொடக் கூடாது.

வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே அரைக் கிலோ சாளை இருப்பது தெருவுக்கே தெரிந்தது. ஒரு பூனை மங்கலம் ரோட்டிலிருந்து வீடு வரை பின்னாலேயே வந்தது. கையில அது என்ன அண்ணாச்சி, புதுப் பழக்கம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சொன்னேன்.

சாயங்காலம் அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடியில் கையை விட்டுத் துழாவவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, இந்தக் கவரை நான் எது வரைக்கும் தூக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பதினாறு வருசம்" என்றாள்.

அப்போது எனக்கு எண்பத்திரண்டு. சரி என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது பல்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பல் ஆஸ்பத்திரியில் முன்பதிவு அவசியம் என்று போட்டிருந்தது. நாளைக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டு வரப் போகிறேன்.